இல்லாத பசுவுக்கு அனுப்பிய முந்நூற்றைம்பது டாலர்

நிகானோர் ஒலிவாஸுக்கு நான் முந்நூற்றைம்பது டாலர் தர வேண்டியிருந்தது. வாங்கியது 1982-ல். திருப்பிக் கொடுக்க இருபத்தெட்டு வருஷம் பிடித்தது. வசதி இல்லாமல் அல்ல. எல் பாசோவில் செவெரோ பர்ராசா என்று கேட்டுப் பாருங்கள், மூன்று டயர் கடைகளுக்கு வழி சொல்வார்கள். மூன்றும் என்னுடையவை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று என் கடையில் இரண்டு பட்டதாரிகள் டயர் கழற்றுகிறார்கள்.

ஆனால் இது என் கதை அல்ல, நிகானோரின் கதை. அவரைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

நிகானோர் மெக்சிகோவில் சகாத்தேகாஸ் பக்கத்து ஆள். வீடுகளுக்குள் சுவர்ப் பலகை அடித்துப் பூசுகிற வேலை. அவர் பூசிய சுவரில் கையை வைத்தால் இணைப்பு எங்கே என்று தெரியாது. அதிகம் பேச மாட்டார். ஆனால் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மனிதர்களுக்கு முன்னால் அந்த வீட்டு ஆடு, மாடு, நாயைத்தான் நலம் விசாரிப்பார். அந்தக் குணத்தினால்தான் எல்லாம் வந்தது. எல்லாம் தீர்ந்ததும் அதனால்தான்.

இளவயதில் தெலீசியாஸ் பருத்திக் காட்டில் ஒன்றாகப் பருத்தி பறித்தோம். பிறகு அவர் வடக்கே, அமெரிக்காவுக்குப் போய்விட்டார். நான் துராங்கோவில் அப்பாவின் காய்ந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காசு வாங்கிக்கொண்டு எல்லை ஆற்றைக் கடத்தி விடுகிறவனை எங்கள் ஆட்கள் நரி என்பார்கள். நரி முந்நூற்றைம்பது டாலர் கேட்டான். நிகானோரிடம் கேட்டால் கொடுப்பார், தெரியும். ஆனால் "நானும் வரணும், கையில காசில்ல" என்று எப்படிக் கேட்பது? பர்ராசா வீட்டு ஆண்கள் அப்படிக் கேட்டதில்லை. ஆகவே ஒரு கடிதம் எழுதினேன்: எங்கள் பால் பசு பள்ளத்தில் விழுந்து செத்துவிட்டது, தம்பி தங்கைகளுக்குப் பால் இல்லை, வேறு பசு வாங்க வேண்டும்.

எங்களிடம் பசு இருந்ததே இல்லை. ஒரு கழுதை இருந்தது. அதுவும் பக்கத்து வீட்டுக்காரருடையது.

பத்தே நாளில் தந்தி மூலம் பணம் வந்தது. கூடவே ஒரு வரி: "மடி நல்லா இருக்கான்னு பாத்து வாங்கு."

மூன்று வாரம் கழித்து எல் பாசோவில் அவர் முன்னால் போய் நின்றேன். கட்டிப்பிடித்துக்கொண்டார். முதல் கேள்வி, "பசு வாங்கியாச்சா?"

"வாங்கியாச்சு. பேரு மரிபோசா."

"நரிக்கு யாரு காசு கொடுத்தா?"

"யாரும் கொடுக்கல. நரியும் இல்ல, நாயும் இல்ல. தனியா ஆத்துல இறங்கி நடந்து வந்தேன்."

அன்று சொன்னதுதான். அதன்பின் எந்தக் கல்யாணத்திலும், எந்தப் பெண்ணின் பதினைந்தாம் பிறந்தநாள் விருந்திலும், இரண்டாவது பீர் முடிந்ததும் நான் எழுந்து நின்று சொல்வேன்: "ஒரு சட்டை, ரெண்டு கை. அதோட வந்தேன். எவனும் எனக்கு ஒரு காசு கொடுத்ததில்ல." என் பேரப்பிள்ளைகள் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள். நிகானோரும் ஒவ்வொரு முறையும் கைதட்டுவார். அவர் கொடுத்தது பசுவுக்குத்தானே.

1984-ல் என் மூத்த மகளுக்கு அவர் ஞானத்தகப்பன் ஆனார். அன்றிலிருந்து எங்கள் வழக்கப்படி 'நீ' போய் 'நீங்க' வந்தது. பெயரும் போய், ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே ஆனோம். ஞான உறவு வந்தபின் கடனைப் பற்றி அவர் வாய் திறக்கக் கூடாது, அது அசிங்கம். அதற்காகத்தான் அவரை ஞானத்தகப்பன் ஆக்கினேன் என்று, எல்லாம் வெளியே வந்தபின், என் மனைவி சாயோ சொன்னாள். அவள் பேச்சை விடுங்கள்.

மறு வருஷம் அவர் அம்மா படுத்துவிட்டாள் என்று ஊருக்குப் போனார். அவர் போன அடுத்த வருஷம், வயலில் வேலை செய்தவர்களையெல்லாம் அரசாங்கம் மன்னித்துக் குடியிருப்புக் காகிதம் கொடுத்தது. நானும் அப்போது வயல் வேலைதான், வரிசையில் நின்று வாங்கினேன். அவர் அங்கே அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். பதினோரு வருஷம் அங்கேயே இருந்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கடிதம் வரும். "கொம்பாத்ரே, மரிபோசா எப்படி இருக்கு? இப்ப எத்தனாவது ஈத்து?" நானும் எழுதுவேன். கெட்டிக்காரப் பசு, ஏழு கன்று ஈன்றது. எட்டாவதாக ஒன்றை எழுதச் சோம்பல்பட்டு இடி விழச் செய்து கொன்றுவிட்டேன். அவர் கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றியதாக எழுதினார்.

1996-ல் காகிதம் இல்லாமல் திரும்பி வந்தார். சில வருஷம் கழித்து ஓரலியாவைக் கல்யாணம் செய்துகொண்டார். ஓரலியா எல் பாசோவிலேயே பிறந்தவள், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அவள் சிரித்தால் தெருமுனையில் நாய் எழுந்து நிற்கும். குடிமகளைக் கட்டியாயிற்று, இனி காகிதம் வந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தோம்.

வக்கீலம்மா மிஸ் தெல்காதோதான் சட்டத்தைச் சொன்னாள். கேட்டுக்கொள்ளுங்கள். காகிதம் வேண்டுமென்றால் நிகானோர் நாட்டை விட்டு வெளியே போய், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹுவாரெஸில் உள்ள அமெரிக்கத் தூதரக ஜன்னலில் கேட்க வேண்டும். ஆனால் வெளியே கால் வைத்த நிமிஷமே, இத்தனை நாள் உள்ளே இருந்ததற்கான தண்டனை தொடங்கிவிடும்: பத்து வருஷம் வரக் கூடாது. உள்ளே இருந்தவரைக்கும் தண்டனை கிடையாது. ஒழுங்காகக் கேட்கப் போனால்தான் தண்டனை. பத்து வருஷத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம். அந்த மன்னிப்பும் அவர் வருந்தியதற்காகக் கிடைக்காது, பெண்டாட்டி படுகிற கஷ்டத்துக்காகத்தான் கிடைக்கும்.

"அதுவும் சாதாரணக் கஷ்டம் கணக்குல வராது. அளவுக்கு மீறின கஷ்டமா இருக்கணும்" என்றாள் மிஸ் தெல்காதோ.

"புருஷன் பக்கத்துல இல்லைங்கறது?" என்று ஓரலியா கேட்டாள்.

"அது சாதாரணம்."

"ராத்திரி தூக்கம் வராட்டி?"

"அதுவும் சாதாரணம்."

"உங்களுக்குக் கல்யாணம் ஆச்சா மிஸ்?"

2009 பிப்ரவரியில் நிகானோர் பாலத்தைத் தாண்டினார். எதிர்பார்த்தபடியே ஜன்னலில் பத்து வருஷம் என்றார்கள். ஆட்டுக்குடல் சூப் விற்கிற ஒரு கடையின் பின்னால் அறை எடுத்துக்கொண்டு, வாடகைக்குப் பதிலாகக் கடைச் சுவரைப் பூசத் தொடங்கினார். அந்த வருஷங்களில் ஹுவாரெஸில் பொழுது சாய்ந்தால் கதவைத் தாழிட்டுவிடுவார்கள். வெடிச்சத்தம் பட்டாசா வேறா என்று யாரும் எழுந்து பார்ப்பதில்லை.

இங்கே ஓரலியா தன் கஷ்டத்தை நிரூபிக்க வேண்டும். மனநல வைத்தியரிடம் அறுநூறு டாலர் கட்டி அனுப்பினோம். எங்கள் ஆட்களை எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும். கால் முறிந்து தொங்கினாலும் அதுதான்.

"எப்படி இருக்கீங்க?" என்றார் வைத்தியர்.

"நல்லா இருக்கேன், கடவுள் புண்ணியம்."

"சாப்பாடு?"

"கடவுள் புண்ணியம்."

"அவர் இல்லாம வீடு எப்படி இருக்கு?"

"சுத்தமா இருக்கு."

வைத்தியர் காதில் கேட்டதை எழுதினார். மிஸ் தெல்காதோ அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "அறுநூறு டாலர் கொடுத்து, நல்லா இருக்கேன்னு சர்டிபிகேட் வாங்கிட்டு வந்திருக்கீங்க."

"முன்னப்பின்ன தெரியாத ஆம்பளைகிட்ட போய் அழுவாங்களா மிஸ்?"

"இந்தப் போட்டோ வேற. ஞாயித்துக்கிழமை பாலத்து மேல குழம்புச் சட்டியோட நிக்கிறீங்க. சிரிக்கிறீங்க."

"போட்டோவுக்கு வேற எப்படி நிக்கிறது?"

அப்போதுதான் ஓரலியா என்னிடம் வந்தாள். நல்ல மனிதர்களிடமிருந்து, நிகானோர் நல்லவர் என்று கடிதங்கள் வேண்டுமாம். "கொம்பாத்ரே, உங்ககிட்டதான் பேர் அச்சடிச்ச காகிதம் இருக்கு. ரப்பர் ஸ்டாம்பும் இருக்கு."

இரண்டு நாள் உட்கார்ந்து என் கையாலேயே எழுதினேன். எழுதும்போது மனசு பெரிதாயிற்று. அந்த மனிதர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சுவர் பூசிக்கொண்டிருக்கிறார். அவருக்காக என் பெருமையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் குறைந்தா போவேன்? இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக உண்மையை எழுதினேன். 'இந்த நிகானோர் ஒலிவாஸ் 1982-ல் கொடுத்த முந்நூற்றைம்பது டாலரைக் கொண்டுதான் நான் நரிக்குக் கொடுத்து இந்த நாட்டுக்கு வந்தேன். அவர் இல்லையென்றால் மூன்று டயர் கடை இல்லை. ஒரு மனிதனின் நல்ல மனசுக்கு எந்த அரசாங்கத்துக்கும் இதைவிட என்ன சாட்சி வேண்டும்?' பசுவைப் பற்றி எழுதவில்லை. அது கடிதத்தின் கம்பீரத்தைக் கெடுக்கும். மூன்று இடத்தில் ஸ்டாம்பு அடித்தேன்.

"வக்கீலம்மாகிட்ட காட்டவா?" என்றாள் ஓரலியா.

"வேண்டாம். படிச்சவங்க கைக்குப் போனா அழகான வரியையெல்லாம் வெட்டிடுவாங்க. மனுக் கட்டுக்கு மேலேயே வெச்சுக் கொடுங்க."

வைத்துக் கொடுத்தாள். ஆகஸ்டில் நிகானோர் அந்தக் கட்டை ஜன்னலுக்குள் தள்ளினார். உள்ளே இருந்த அதிகாரி மேலே இருந்த கடிதத்தை ஒரு தடவை படித்தார். நிமிர்ந்து நிகானோரைப் பார்த்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு புதிதாக ஒரு தாளை எடுத்தார்.

மறுநாளே நான் பாலத்தைத் தாண்டிப் போனேன். நிகானோர் சூப் கடையில் உட்கார்ந்திருந்தார். கையில் அந்தத் தாள்.

"கொம்பாத்ரே, நான் எப்ப ஆள் கடத்தினேன்?"

"யார் சொன்னா?"

"நீங்கதான் சொல்லியிருக்கீங்க. ஸ்டாம்பு அடிச்சு."

நான் சூப்பைக் கிளறினேன்.

"முந்நூற்றைம்பது டாலர் நரிக்கா போச்சு?"

"ஆமா."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, "அப்ப மரிபோசா?" என்றார்.

"மரிபோசா இல்ல, கொம்பாத்ரே."

"செத்தது தெரியும். இடி விழுந்துன்னு எழுதினீங்க."

"இல்ல. எப்பவுமே இல்ல."

ஜன்னலில் பத்து வருஷத் தடை என்று சொன்னபோதுகூட அவர் முகம் மாறவில்லையாம். இப்போது மாறியது. "மெழுகுவர்த்தி ஏத்தினேனே" என்றார். பிறகு, "அந்த ரெண்டாவது கன்னு? நெத்தியில வெள்ளையா?"

"அதுவும் இல்ல."

"எழுந்து போங்க கொம்பாத்ரே. காசை நான் கொடுத்துக்கறேன்" என்று என் சூப்புக்கும் சேர்த்துக் கொடுத்தார். நான் என்னென்னவோ திட்டு வாங்கியிருக்கிறேன். அந்த சூப்புக் காசு போல எதுவும் சுட்டதில்லை.

மிஸ் தெல்காதோ அலுவலகத்தில் மறுநாள் நாங்கள் மூவர்: ஓரலியா, நான், சாயோ. வக்கீலம்மா என் கடிதத்தின் நகலை இரண்டு விரலால் பிடித்திருந்தாள்.

"பத்து வருஷத் தடைக்காவது மன்னிப்பு உண்டு. இதுக்குக் கிடையாது. பெண்டாட்டி, பெத்தவங்க, பிள்ளைங்க, இவங்களைக் கடத்தியிருந்தா மன்னிப்பு கேக்கலாம். நண்பனைக் கடத்தினா ஆயுசுக்கும் வர முடியாது."

"நாங்க நண்பர்கள் இல்ல மிஸ், கொம்பாத்ரே உறவு" என்றேன்.

"சட்டத்துக்கு அந்த உறவு தெரியாது. அதுவும் 82-ல நீங்க கொம்பாத்ரேயும் இல்ல."

ஓரலியா சிரிக்கவில்லை. அவள் சிரிக்காமல் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். "அப்ப அவர் வரவே மாட்டாரா?" என்று கேட்டாள்.

மிஸ் தெல்காதோ என் பக்கம் திரும்பினாள். "ஒரே ஒரு கேள்வி. சட்டத்துல ஒரு வார்த்தை இருக்கு, தெரிஞ்சேன்னு. தெரிஞ்சே உதவினாத்தான் கடத்தல். அந்தப் பணம் நரிக்குப் போகப் போகுதுன்னு அவருக்குத் தெரியுமா?"

மூன்று பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தியோடு இருபத்தாறு வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேன். அவளும், அவள் பெற்ற பிள்ளைகளும், பேரன்களும் 'ஒரு சட்டை, ரெண்டு கை' கேட்டு வளர்ந்தவர்கள். எல் பாசோவில் என் முகத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அதை ஓரலியா மடியில் கிடந்த கைப்பையின் பக்கத்தில் இறக்கி வைக்க வேண்டியிருந்தது.

"தெரியாது மிஸ். பசு வாங்கன்னு பொய் சொல்லி வாங்கினேன். பசுவும் இல்ல. தனியா ஆத்துல நடக்கவும் இல்ல. நரி என்னை ஒரு காய்கறி லாரியில வெங்காய மூட்டைக்குக் கீழே படுக்க வெச்சான்."

சாயோ என்னைத் திரும்பிப் பார்த்தாள். "வெங்காயமா?"

"வெங்காயம்."

"அதான் வீட்டுல வெங்காயம் வதக்கினா எழுந்து வெளிய போறீங்களா?"

"பொய் சொல்லி வாங்கினேன்னு நீங்க சொன்னாப் போதாது. அவர் நம்பினார்னு காட்டணும்" என்றாள் மிஸ் தெல்காதோ.

சாயோ எழுந்து போனாள். அரை மணி நேரத்தில் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தாள். கடைக் கணக்கைத் தவிர நான் எந்தக் காகிதத்தையும் வைத்துக்கொள்வதில்லை. அவள் எதையும் எறிவதில்லை. உள்ளே பதினோரு கிறிஸ்துமஸ் கடிதங்கள், தபால் முத்திரையோடு. அடியில் அந்தத் தந்தி: மடி நல்லா இருக்கான்னு பாத்து வாங்கு. மிஸ் தெல்காதோ ஒவ்வொன்றாகப் படித்தாள். நெற்றி வெள்ளைக் கன்றுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்க வேண்டிய கஷாயம் ஒரு பக்கம் முழுக்க இருந்தது. "கடத்தல்காரன் எவனும் இல்லாத கன்னுக்குட்டிக்குக் கஷாயம் எழுதி அனுப்ப மாட்டான்" என்றாள்.

அப்போது ஓரலியா குனிந்து வலது காலணியைக் கழற்றினாள். காலுறையையும் கழற்றினாள். இரண்டு விரல் இல்லை. சர்க்கரை வியாதி. அவளை நாங்கள் பெரிய காலணி போடுகிறவள் என்று கேலி செய்துகொண்டிருந்தோம்.

"ஒவ்வொரு வாரமும் ஆஸ்பத்திரிக்கு அவர்தான் வண்டியில கூட்டிட்டுப் போவாரு. இப்ப ரெண்டு பஸ் மாறி நடக்கறேன், புண்ணு ஆறல. இது அளவுக்கு மீறினதா மிஸ்? இல்ல, சாதாரணமா?"

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க கஷ்டம் என்னன்னுதானே கேட்டீங்க. கால் எப்படி இருக்குன்னு கேக்கலையே."

என் வாக்குமூலம் மூன்று பக்கம். சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் நோட்டரி முன்னால் மிஸ் தெல்காதோ சத்தமாகப் படித்தாள். 'நான் பொய் சொன்னேன்' என்று நான்கு இடத்தில் வந்தது. இரண்டாகக் குறைக்க முடியுமா என்று கேட்டேன், முடியாதாம். கடைசி வரி: 'இந்தக் கடனை நான் இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை.'

"அதையும் எழுதணுமா?"

"அதுதான் முக்கியம். ரெண்டு பேரும் பேசி வெச்சுச் செஞ்சிருந்தா கணக்கைத் தீர்த்திருப்பீங்க. இப்ப கொடுக்கலாம்னு கிளம்பிடாதீங்க. வழக்கு முடியற வரைக்கும் உங்க கையிலிருந்து அவர் கைக்கு ஒரு காசு போகக் கூடாது, சாட்சிக்குக் கூலின்னு ஆயிடும்."

"எனக்கு ஏதாவது வருமா?"

"வராது. உங்களை எப்பவோ மன்னிச்சாச்சு."

கடனைக் கொடுக்காதே என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் உத்தரவு போட்டார். பதினான்கு மாசம் அதைச் சுமந்தேன். கையில் பணம் வைத்துக்கொண்டு கொடுக்க முடியாமல் இருப்பது, பணம் இல்லாமல் இருப்பதைவிடக் கஷ்டம் என்று அப்போது தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓரலியாவையும் குழம்புச் சட்டியையும் என் வண்டியில் பாலம் வரை கொண்டு விட்டேன். புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கும் நானே கூட்டிப் போனேன். அந்த வருஷம் என் தங்கை மகன் கல்யாணத்தில் இரண்டாவது பீர் முடிந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து, "வெங்காய லாரியில வந்தேன். கொம்பாத்ரே நிகானோர் காசு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கைதட்டல் வழக்கத்தைவிட அதிகம். உண்மை சொல்லிக் கைதட்டல் வாங்குவதிலும் எங்களில் நான்தான் முதல்.

2010 அக்டோபரில் இரண்டு காகிதம் வந்தது. ஒன்றில், ஆள் கடத்தியதாக எழுதியது ரத்து. இன்னொன்றில், மனைவியின் அளவுக்கு மீறிய கஷ்டத்தை உத்தேசித்து மன்னிப்பு. நல்ல மனசைப் பற்றி இரண்டிலும் ஒரு வார்த்தை இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நிகானோர் பாலத்தின் மேல் நடந்து வந்தார். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் ஒட்டிய உறை. சோதனைச் சாவடியில் உறையைக் கொடுத்துவிட்டு இந்தப் பக்கம் வெளியே வந்ததும் ஓரலியா ஓடினாள். அந்தக் காலோடு ஓடினாள். தெருவில் நாய் இருந்திருந்தால் எழுந்து நின்றிருக்கும்.

நான் தள்ளி நின்றேன். முறை அது. அவர் அவளை விட்டுவிட்டு என் எதிரில் வந்து நின்றார். சூப் கடைக்குப் பிறகு அவர் என்னோடு பேசியதில்லை.

"எப்படி இருக்கீங்க கொம்பாத்ரே?" என்றேன்.

"நல்லா இருக்கேன், கடவுள் புண்ணியம்" என்றார். பிறகு வலது கையை நீட்டி விரித்தார். சுண்ணாம்பு படிந்து வெடித்த உள்ளங்கை.

நான் மடித்து வைத்திருந்த நோட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக வைத்தேன். பதினேழு இருபது, கடைசியில் ஒரு பத்து. முந்நூற்றைம்பது. அவர் கையை மூடவில்லை.

"ஏழு கன்னு ஈன்றதா எழுதினீங்க" என்றார்.

அரசாங்கம்கூட அந்தப் பசு இல்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் நான் வாதாடவில்லை. பையில் இன்னும் இருபது டாலர் நோட்டுகள் இருந்தன, எப்போதும் இருக்கும். அந்த உள்ளங்கையில், ஏழு கன்றுக்கும் கன்றுக்கு ஒன்றாக நோட்டுகளை எண்ணி வைத்தேன். நெற்றியில் வெள்ளை இருந்த கன்றுக்கு மட்டும் இரண்டு.